சாட்சி நூல்களும் சாய்தளமும்

துன்பத்தைக்குறித்துப் பிரசங்கிக்க நேரும்போதெல்லாம், திருமறைக்கு அடுத்தபடியாக நமது ஊழியர்கள் நாடுவது சாட்சி நூல்களையே. அவற்றுள் தண்டுவடத்தில் காயமுற்றோரின் வரலாறுகள் இரண்டு நீண்டகாலமாக நம் பிரசங்க பீடங்களில் வழங்கிவருகின்றன. ஒன்று, வேலூர் மருத்துவர் மேரி வர்கீஸ் அம்மையாரைப்பற்றி அமெரிக்க எழுத்தாளர் டாரதி கிளார்க் வில்சன் எழுதி 1963-இல் வெளிவந்த 'டேக் மை ஹாண்ட்ஸ்'. மற்றது, ஜோனி எரிக்சன் என்னும் அமெரிக்க மங்கை, ஜோ மஸ்ஸர் என்பவருடன் இணைந்து 1976-இல் வெளியிட்ட 'ஜோனி'. தபசு நாட்கள், வாலிபர் முகாம்கள், நோயாளர் ஞாயிறு ஆகியவற்றில் இவ்விரு வரலாறுகளும் எண்ணற்றமுறை எடுத்துரைக்கப்பட்டுள்ளன.

இந்நூல்களின் பெருமையைக் குறைப்பது நமது நோக்கமன்று. இவற்றால் விசுவாசத்தில் நிலைத்தவர்கள் பலர் என்பதை நாம் அறிவோம். ஆயினும், இவற்றை நாம் வாசித்துவரும் முறை சோதனைக்குரியது. இவ்வரலாறுகளிலிருந்து நாம் எடுத்துக்கொள்வது மனத்தின் வெற்றியை மட்டுமே. உடல் மீண்டும் இயங்கக் கற்றுக்கொண்ட வரலாற்றை நாம் கடந்து செல்கிறோம். மனத்தின் தகவமைவும் உடலின் தகவமைவும் இந்நூல்களிலேயே பிரிக்கப்படாதிருக்க, நாம் பிரிக்கிறோம். அப்பிரிவினையால் படுக்கையிலிருப்பவர்களுக்கு நாம் தீங்கு செய்கிறோம் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

1. ஒரு வாசகரின் கேள்வி

பல ஆண்டுகளுக்குமுன் நாம் ஆயராகப் பணியாற்றிய ஒரு கிராமச் சபையில், பனையேறும் தொழில் செய்துவந்த இளைஞர் ஒருவர் மரத்திலிருந்து விழுந்து, மார்புக்குக் கீழே உணர்வையும் அசைவையும் இழந்தார். சில வாரச் சிகிச்சைக்குப்பின் வீடு திரும்பினார். நாம் அவருடைய கட்டிலருகே அமர்ந்து, மேரி வர்கீஸ் அம்மையாரின் வரலாற்றை அரைமணி நேரம் சொன்னோம். அந்நூலை மும்முறை வாசித்திருந்தமையால் தடையின்றிச் சொல்ல முடிந்தது. அவர் பொறுமையோடு கேட்டிருந்து, முடிவில், "ஐயா, இரவில் அந்த அம்மாவைப் புரட்டிப் படுக்கவைத்தது யார்?" என்று வினவினார்.

நம்மிடம் விடையில்லை. ஜெபம் செய்துவிட்டு எழுந்தோம்.

அவரைப் புரட்டிப் படுக்கவைத்தவர், பகலெல்லாம் கூலிவேலைக்குச் சென்றுவந்த அவருடைய தாய். உணர்விழந்த உடலை இரண்டு மணி நேரத்திற்கு ஒருமுறையாவது புரட்டவேண்டும். அந்தத் தாய் களைத்து உறங்கிவிட்ட மணிநேரங்களே மகனுடைய முதுகில் புண்களாயின. பதினான்கு மாதங்களில் அப்புண்களின் நஞ்சு இரத்தத்தில் கலந்து அவர் மரித்தார். அடக்க ஆராதனையில் நாம் பொறுமையைப்பற்றிப் பிரசங்கித்தோம்.

அவர் கேட்டது அவநம்பிக்கையின் கேள்வி என்று அப்போது எண்ணினோம். இன்று சிந்திக்கையில், அந்நூலைக்குறித்து எழுப்பப்படக்கூடிய மிகச் சிறந்த திறனாய்வுக் கேள்வி அதுவே என்பதைக் காண்கிறோம். மும்முறை வாசித்த நமக்குத் தோன்றாதது, ஒருமுறை செவியால் கேட்டவருக்குத் தோன்றியது.

2. உடலின் உண்மை

தண்டுவடக் காயத்தை 'கால் போய்விட்டது' என்று நாம் சுருக்கிச் சொல்வது வழக்கம். உண்மையில் நடக்கும் ஆற்றலை இழப்பது அதன் ஒரு பகுதியே. சிறுநீர்ப்பையும் மலக்குடலும் கட்டுப்பாட்டை இழக்கின்றன. பலருக்கு ஒவ்வொரு நாளும் நான்கு முதல் ஆறு மணி நேரத்திற்கு ஒருமுறை சிறுநீர்க் குழாய் செலுத்தவேண்டியிருக்கிறது. வலியுணர்வு இல்லாமையால் புண் உண்டாவது தெரிவதில்லை. இல்லற உறவு மாறுகிறது. காயம் மார்பின் மேற்பகுதியிலோ கழுத்திலோ நேர்ந்திருந்தால், சிறுநீர்க் குழாய் அடைபடுவது ஒன்றே இரத்த அழுத்தத்தை உயிருக்கு ஆபத்தான அளவுக்கு ஏற்றிவிடக்கூடும்.

காயம் எந்த எலும்பின் அளவில் நேர்ந்தது என்பதைப் பொறுத்தே எஞ்சும் ஆற்றல் அமைகிறது. மேரி வர்கீஸ் இடுப்புக்குக் கீழே இயக்கமிழந்தார், கைகள் எஞ்சின. ஜோனி கழுத்தில் காயமுற்றார். தோளின் அசைவு சிறிது எஞ்சியதேயன்றி விரல்கள் இயங்கவில்லை. ஒருவர் அறுவை மருத்துவரானதற்கும் மற்றவர் வாயில் தூரிகை கவ்வி ஓவியரானதற்கும் இடையிலுள்ள வேறுபாடு, விசுவாசத்தின் அளவைச் சார்ந்ததன்று. முதுகெலும்பின் சில அங்குலங்களைச் சார்ந்தது. இவ்வெளிய உண்மையை அறியாமல், ஒரு நோயாளியை மற்றொருவருடைய சாட்சியால் அளப்பது அநீதியாகும்.

இரண்டாம் உலகப்போருக்கு முன்வரை இவ்வகைக் காயமுற்றோரில் பெரும்பாலோர் படுக்கைப் புண்ணாலும் சிறுநீரகத் தொற்றாலும் சில காலத்திற்குள் மடிந்தனர். ஹிட்லரின் ஜெர்மனியிலிருந்து 1939-இல் தப்பி இங்கிலாந்து சேர்ந்த யூத மருத்துவர் லுட்விக் குட்மன், 1944-இல் ஸ்டோக் மாண்டெவில் மருத்துவமனையில் இவர்களுக்கெனத் தனிப்பிரிவைத் தொடங்கினார். அவர் செய்தவை எளியவை: இரவும் பகலும் நேரம் தவறாமல் புரட்டிப் படுக்கவைத்தல், சிறுநீர்த் தொற்றைத் தடுத்தல், பின்னர் விரைவிலேயே பட்டறை வேலையிலும் விளையாட்டிலும் ஈடுபடுத்துதல். 1948 ஜூலை 29-இல் அங்கு 16 பேர் சக்கர நாற்காலியில் அமர்ந்து வில்வித்தைப் போட்டியில் கலந்துகொண்டனர். அதிலிருந்தே இன்றைய பாராலிம்பிக் விளையாட்டுகள் வளர்ந்தன. வாழ விருப்பம் பிறந்தபின் புரட்டிப் படுக்கவைத்தார்கள் என்பதன்று இவ்வரலாறு. புரட்டிப் படுக்கவைத்தார்கள், வேலை கொடுத்தார்கள், வாழும் விருப்பம் அவற்றினூடே வளர்ந்தது.

3. 'டேக் மை ஹாண்ட்ஸ்'

மேரி வர்கீஸ் 1925-இல் கொச்சிப் பகுதியில் பிறந்தவர். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்று, அங்கேயே இளம் மருத்துவராயிருந்தபோது, 1954-இல் நேர்ந்த வாகன விபத்தில் முகத்திலும் முதுகெலும்பிலும் காயமுற்றார். தொழுநோயால் மடங்கிய விரல்களை அறுவைச் சிகிச்சையால் மீண்டும் இயங்கச்செய்துகொண்டிருந்த டாக்டர் பால் பிராண்ட், கை அறுவையை அமர்ந்தபடியே செய்யலாம் என்னும் வழியை அவருக்குக் காட்டினார். சக்கர நாற்காலியில் அமர்ந்த மருத்துவர், இயங்காத விரல்களை இயங்கவைத்தார். பின்னர் ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் மறுவாழ்வுப் பயிற்சி பெற்றார். நியூயார்க்கில் ஹோவர்ட் ரஸ்க் நிறுவிய மறுவாழ்வு மருத்துவ நிலையத்தில் பயின்றார். வேலூருக்குத் திரும்பி மறுவாழ்வு மருத்துவத் துறையின் தலைமையை ஏற்றார். 1966-இல் அங்கே நோயாளிகள் தங்கிப் பயிற்சிபெறும் மறுவாழ்வு நிலையம் உருவாயிற்று. 1972-இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-இல் மறைந்தார்.

நூலின் தலைப்பு, தன்னை முழுவதும் ஆண்டவருக்கு ஒப்புக்கொடுக்கும் நமக்குப் பழக்கமான ஞானப்பாடலை நினைவூட்டுவது. அதனால் வாசகன் மேரி அம்மையார் கொடுத்த கைகளையே நோக்குகிறான்; அவருக்குக் கொடுக்கப்பட்ட கைகளை நோக்குவதில்லை. அந்த இளைஞரின் கேள்விக்கு விடை இங்கேதான் இருக்கிறது. அவர் விழுந்தது ஒரு பெரும் மருத்துவமனையின் மடியில். இரவில் புரட்டத் தாதியர் இருந்தனர். ஆலோசனை சொல்ல ஆசிரியர் இருந்தார். செல்வாக்குள்ள குடும்பம் இருந்தது. கடல் கடந்து அனுப்பிவைக்க ஒரு நிறுவனம் இருந்தது. இவையனைத்தும் கிருபையின் சாதனங்களே. ஆனால் நாம் அவற்றைப் பின்னணியாகத் தள்ளி, தனி மனுஷியின் மனவுறுதியை மட்டும் முன்னிறுத்திப் பிரசங்கித்தோம்.

நூலின் நிகழ்ச்சி வரிசையையும் கவனிக்கவேண்டும். முதலில் முழுமையான மனச்சமாதானம், பின்பு அதன் கனியாக வேலை என்று நாம் சொல்லிவருகிறோம். நூல் காட்டுவதோ வேறு. செய்யத்தக்க ஒரு வேலை கண்ணுக்குத் தென்பட்ட பின்னரே அவருக்கு எதிர்காலம் திறக்கிறது. அவருடைய கூற்றாக வழங்கும் கால்கள்–சிறகுகள் பற்றிய வாசகத்தை நம் பிரசங்கிகள் மிகவும் விரும்புகின்றனர். அச்சிறகுகள் யாவை என்று நாம் கேட்டதில்லை. ஒரு சக்கர நாற்காலி, அறுவை மேசையின் உயரம், கட்டிலிலிருந்து நாற்காலிக்குத் தானே மாறும் பயிற்சி, கடல் கடந்து கற்ற கல்வி ஆகியவையே அவை. மேரி அம்மையார் இதை நன்கு அறிந்திருந்தார். ஆகையால்தான், ஊக்கமூட்டும் சொற்பொழிவுகளோடு நின்றுவிடாமல், தமக்குக் கிடைத்த பயிற்சி பிறருக்கும் கிடைக்கும்படி ஒரு நிலையத்தையே உருவாக்கினார். அவருடைய வாழ்வுக்கு மிகச் சிறந்த உரையாசிரியர் அவர் கட்டியெழுப்பிய துறையே.

4. 'ஜோனி'

ஜோனி 1967 ஜூலை 30-இல், தமது பதினேழாம் வயதில், செசபீக் வளைகுடாவின் ஆழமற்ற நீரில் தலைகீழாய்ப் பாய்ந்து கழுத்தெலும்பு முறிந்தார். இந்நூல் தன்வரலாறாக அமைந்தமையால், முன்னைய நூலில் அரிதான ஒரு குரல் இதில் கேட்கிறது. இரு சட்டங்களுக்கிடையே உடலை வைத்துத் திருப்பும் கட்டிலில் மாதக்கணக்காய்க் கிடந்த அனுபவத்தை அவர் மறைக்கவில்லை. தம்மைச் சாகவிடும்படி தோழியிடம் மன்றாடியதை மறைக்கவில்லை. அதற்குக்கூடத் தமக்குக் கையில்லை என்னும் சினத்தையும் மறைக்கவில்லை. சுகமளிக்கும் ஜெபத்திற்குப்பின் விரல்கள் அசையாதிருந்ததையும் எழுதுகிறார். நமது சாட்சிக் கூட்டங்களில் இப்பகுதிகள் விடப்படுகின்றன. புலம்பல் சங்கீதங்களை வேதத்தில் வைத்துக்கொண்டே, புலம்பலைச் சாட்சியிலிருந்து நாம் நீக்கிவிடுகிறோம்.

இந்நூலில் நாம் காணும் குறை வேறொன்று. அது விபத்துக்குப்பின் ஒன்பது ஆண்டுகளில் எழுதப்பட்டது. கேள்விகளெல்லாம் ஏறக்குறைய தீர்ந்துவிட்டன என்னும் தொனியில் அது முடிகிறது. வாழ்க்கையோ முடியவில்லை. அவர் 1979-இல் மாற்றுத்திறனாளிகளுக்கான ஊழியத்தைத் தொடங்கினார். 1982-இல் திருமணம் செய்துகொண்டார். பின்னாட்களில் தீராத வலிக்கு உள்ளானார். 2010-இல் புற்றுநோயும் கண்டறியப்பட்டது. அவ்வாண்டில் வெளிவந்த தமது நூலில், சுகமாக்குதலைப்பற்றிய பழைய கேள்விகளோடு மீண்டும் போராடுகிறார். நாற்பது ஆண்டுகளுக்குப்பின்னும் தகவமைவு முடிந்துபோன செயலாக இல்லை. மேரி அம்மையாரைப்பற்றிய நூலும் இவ்வாறே, அவர் இன்னும் இருபத்து மூன்று ஆண்டுகள் வாழவேண்டியிருக்கையில் முடிந்துவிட்டது. வெற்றியில் முடியவேண்டுமென்பது சாட்சி நூலின் இலக்கணமாயிற்று. ஆனால் தண்டுவடக் காயமோ ஒவ்வொரு காலையும் மறுபடி தொடங்குவது.

இங்கே நம் மண்ணின் மற்றொரு வரலாற்றையும் நினைக்கவேண்டும். ஆய்க்குடி எஸ். இராமகிருஷ்ணன் 1975-இல் கடற்படை அதிகாரித் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே இயக்கமிழந்தார். 1981-இல் தமது ஊரில் மாற்றுத்திறனாளிகளுக்கான நிறுவனத்தைத் தொடங்கியபோது, தமக்குச் சிகிச்சையளித்த மருத்துவர் அமர்ஜித் சிங் சாஹலின் பெயரால் அதை அமர் சேவா சங்கம் என்று அழைத்தார். அவர் கிறிஸ்தவரல்லர், ஆதலால் நமது சாட்சிக் கூட்டங்களில் அவர் பெயர் வருவதில்லை. ஆனால் நமது நூல்கள் தலைப்பில் சொல்லத் தவறியதை அவர் நிறுவனத்தின் பெயரே சொல்கிறது: தம்மைத் தாங்கிய கைகளை அது நினைவுகூருகிறது.

5. இரு தவறான கருத்துகள்

இந்நூல்களை விளக்கும்போது நாம் கையாளும் உளவியல் கருத்துகளும் சோதிக்கப்படவேண்டும். நமது ஆலோசனை வகுப்புகளில், மறுப்பு, கோபம், பேரம், சோர்வு, ஏற்பு என்னும் ஐந்து படிகளைக் கற்பிக்கிறோம். எலிசபெத் கியூப்ளர்-ராஸ் 1969-இல் இவற்றை எழுதியது மரணத்தை எதிர்நோக்கியிருந்தோரைக்குறித்தே. தண்டுவடக் காயமுற்றோர் மரிப்பவர்களல்லர், வாழப்போகிறவர்கள். கமில் வார்ட்மன், ராக்சேன் சில்வர் என்னும் இரு உளவியலார் 1989-இல், பேரிழப்புக்குள்ளானோர் யாவரும் கடுஞ்சோர்வைக் கடந்தே தீரவேண்டும் என்பதற்கும், குறித்த காலத்தில் தேறிவிடுவார்கள் என்பதற்கும் போதிய ஆதாரமில்லை என்று காட்டினர். தண்டுவடக் காயமுற்றோரில் 20 முதல் 30 விழுக்காட்டினருக்கு உளச்சோர்வின் அறிகுறிகள் காணப்படுவதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. இது சிறிய எண்ணன்று. அவர்களுக்கு மருத்துவம் தேவை. அதேவேளையில், பெரும்பான்மையோர் அந்நிலையில் இல்லை என்பதும் உண்மை. அழாதவரை, 'இன்னும் மறுப்புப் படியில் நிற்கிறார்' என்று தீர்ப்பிடவும், அழுகிறவரை, 'ஏற்புப் படிக்கு ஏறவில்லை' என்று கடிந்துகொள்ளவும் நமக்கு அதிகாரமில்லை.

மற்றொன்று, பிரசங்க உதாரணமாக வழங்கும் ஓர் ஆய்வு. பரிசுச்சீட்டில் பணம் வென்றவரும் விபத்தில் இயக்கமிழந்தவரும் ஓராண்டுக்குள் ஒரே அளவு மகிழ்ச்சிக்குத் திரும்பிவிடுகின்றனர் என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறோம். பிலிப் பிரிக்மனும் அவருடன் பணியாற்றியோரும் 1978-இல் வெளியிட்ட அவ்வாய்வு அங்ஙனம் சொல்லவில்லை. ஐந்துக்கு இத்தனை என்னும் அளவில், இயக்கமிழந்த 29 பேரின் தற்கால மகிழ்ச்சி 2.96, மற்றவர்களுடையது 3.82. எதிர்பார்த்த அளவுக்கு அவர்கள் மகிழ்ச்சியற்றிருக்கவில்லை. ஆயினும் இழப்பு இழப்பாகவே இருந்தது. 'எல்லாம் சரியாகிவிடும்' என்னும் நமது ஆறுதலுக்கு இவ்வாய்வைச் சாட்சியாக அழைப்பது பொய்ச்சாட்சியாகும்.

6. திருமறையின் வாசிப்பு

திருமறை இவ்விஷயத்தில் நமது சாட்சி நூல்களைவிட நேர்மையுள்ளது. மேவிபோசேத் பிறவியிலேயே ஊனமுற்றவரல்லர். ஐந்து வயதில், ஓடிய தாதியின் கையிலிருந்து விழுந்தவர். தாவீதின் பந்தியில் அவருக்கு இடம் கிடைத்ததோடு நாம் பிரசங்கத்தை முடித்துவிடுகிறோம். வேதம் அங்கே முடிக்கவில்லை. அப்சலோமின் கலகத்தில் அரசன் ஓடும்போது, மேவிபோசேத்தால் உடன் செல்ல இயலவில்லை. கழுதைக்குச் சேணமிட்டுக் கொடுக்கவேண்டிய சீபா அவரை வஞ்சித்து, அவர்மேல் கோளும் சொல்கிறான். பிறர் கையை நம்பி வாழ்பவரின் ஆபத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்லும் பகுதி அரிது. பந்தியில் இடம் இருந்தது. வாகனம் இன்னொருவன் கையில் இருந்தது.

பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டுகள் கிடந்தவன் ஆண்டவரிடம் முறையிட்டதும் தன்னைத் தூக்கிவிட ஆளில்லை என்பதையே. கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனுக்கு நால்வர் இருந்தனர். வாசல் அடைபட்டிருந்தது, அடைத்து நின்றது வசனம் கேட்க வந்த கூட்டம். ஆகவே அவர்கள் கூரையைப் பிரித்தனர். இயேசு கண்டது சுமந்துவந்தவர்களின் விசுவாசத்தை என்று மாற்கு எழுதுகிறார். படுத்திருந்தவனுடைய மனநிலையைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவனுக்கு முதலில் மனத்தைத் தேற்றி, அதன்பின் கூரையைப் பார்ப்போம் என்று அந்நால்வரும் சொல்லவில்லை.

7. முடிவுரை

ஆகையால் இந்நூல்களை வாசிப்பதை நிறுத்தும்படி நாம் சொல்லவில்லை. முழுவதும் வாசிக்கும்படியே சொல்கிறோம். சாட்சி நூலொன்றை எடுக்கும் மாணவர் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். இவரைப் புரட்டிப் படுக்கவைத்தது யார்? அதற்கான செலவு எங்கிருந்து வந்தது? நூல் முடிந்தபின் என்ன நேர்ந்தது? இவற்றுக்கு விடை தேடியபின் பிரசங்க பீடத்தில் ஏறினால், நமது சொற்கள் குறையும். ஆனால் கட்டிலில் கிடப்பவர் கேட்கத்தக்கவையாயிருக்கும்.

நாம் குறிப்பிட்ட சபையின் ஆலயத்திற்கு ஏழு படிகள் உண்டு. ஏறக்குறைய மூன்றரை அடி உயரம். ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டடி நீளம் என்பது சாய்தளத்திற்கான கணக்கு. ஆக 42 அடி போதும். பொதுமக்கள் புழங்கும் கட்டடங்கள் அனைவரும் அணுகத்தக்கவையாக இருக்கவேண்டுமென 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் கூறுவதற்கு முன்பே, மாற்கு இரண்டாம் அதிகாரம் அதை நமக்குச் சொல்லியிருந்தது. அந்த இளைஞர் வாழ்ந்த பதினான்கு மாதங்களில் ஒரு ஞாயிறேனும் ஆலயத்திற்கு வரவில்லை. வராததன் காரணம் அவருடைய மனச்சோர்வு என்று சபைப் பதிவேட்டில் நாமே எழுதினோம். படிகளை நாம் எண்ணவில்லை.

அச்சபையில் சங்கத்து வாலிபர் எண்மர் இருந்தனர். இரவுக்கு ஒருவராக முறைவைத்திருந்தால், அந்தத் தாய்க்கு உறக்கமும் மகனுக்கு முதுகும் மிஞ்சியிருக்கும். அவ்வாலோசனையை அவர்கள்முன் வைக்கவேண்டியவர் ஆயர். ஆயரோ சாட்சி நூலின் நான்காம் வாசிப்பில் இருந்தார்.